விசுவாச அறிக்கையை நடுவிலிருந்து வாசியுங்கள்: சபைக்குப் புதிதாக வந்தவர்களுக்கு

ஞாயிறு ஆராதனை முடிந்து செருப்பைத் தேடிக்கொண்டிருக்கும்போது யாராவது வந்து உங்கள் கையில் ஒரு தாளைக் கொடுத்திருப்பார்கள். மேலே 'எங்கள் விசுவாச அறிக்கை' என்று இருக்கும். கீழே ஒன்பதோ பத்தோ குறிப்புகள். வேதாகமம், திரியேக தேவன், மனிதனின் வீழ்ச்சி, கிறிஸ்துவின் மரணம், உயிர்த்தெழுதல், இரட்சிப்பு, பரிசுத்த ஆவியானவர், சபை, இரண்டாம் வருகை என்று வரிசையாகப் போகும். ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் வசன எண்கள். வீட்டுக்குப் போய் ஒருமுறை வாசித்துவிட்டு, பாதி புரியாமல், பைபிளுக்குள் மடித்து வைத்துவிடுவீர்கள்.

எங்கள் சபையில் புதிதாக வருபவர்களுக்கான வகுப்பை 16 ஆண்டுகளாக எடுத்து வருகிறேன். அந்தத் தாளை முதல் குறிப்பிலிருந்து கடைசிக் குறிப்பு வரை பாடம்போல நடத்திப் பார்த்ததில் பலரும் இரண்டாவது வாரத்திலேயே களைத்துப்போனார்கள். அந்த வரிசை ஏற்கெனவே நம்புகிறவர்கள் தங்கள் நம்பிக்கையை ஒழுங்குபடுத்தி எழுதிக்கொண்டது. புதிதாக வருகிறவர் உள்ளே நுழையும் வாசல் தாளின் நடுவில் இருக்கிறது. அந்த வழியில் எப்படிப் போவது என்பதைத்தான் இங்கே படிப்படியாக எழுதுகிறேன். அவசரம் வேண்டாம், மூன்று மாதம் எடுத்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் வந்திருப்பது எந்த மாதிரி சபை

சுவிசேஷம் என்றால் நற்செய்தி. சுவிசேஷ சபை என்று சொல்லும்போது அது ஒரே ஒரு தலைமையின் கீழ் இயங்கும் ஒரு பிரிவின் பெயர் அல்ல. சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) சபைகளிலும் பாப்டிஸ்ட், சகோதரர் சபை, பெந்தெகொஸ்தே சபைகளிலும் சுவிசேஷப் பற்றுள்ளவர்கள் இருக்கிறார்கள். எந்தப் பிரிவையும் சேராத தனிச் சபைகளும் ஏராளம். இவர்களை எது ஒன்றாக்குகிறது? டேவிட் பெபிங்டன் என்ற வரலாற்றாசிரியர் 1989-இல் நான்கு அடையாளங்களைச் சொன்னார். வேதத்துக்கு முதலிடம், சிலுவையே மையம், ஒவ்வொருவரும் தனிப்பட்ட முறையில் மனந்திரும்ப வேண்டும் என்ற உறுதி, நம்பியதைச் செயலில் காட்டும் துடிப்பு. உங்கள் கையிலுள்ள தாளை இந்த நான்கோடு ஒப்பிட்டுப் பாருங்கள், பொருந்தும்.

பெரும்பாலான சபைகள் இந்த அறிக்கையைத் தாங்களே புதிதாக யோசித்து எழுதியிருக்காது. 1846-இல் லண்டனில் பல பிரிவினர் கூடி சுவிசேஷக் கூட்டணி ஒன்றைத் தொடங்கியபோதே இப்படி ஒரு குறுகிய அறிக்கையை ஏற்றுக்கொண்டார்கள். இந்திய சுவிசேஷ ஐக்கியம் 1951-இல் உருவானது. 1974-இல் சுவிட்சர்லாந்தின் லொசான் நகரில் சுமார் 150 நாடுகளிலிருந்து வந்தவர்கள் கூடியபோது, ஜான் ஸ்டாட் என்ற ஆங்கிலப் போதகரின் தலைமையிலான குழு 15 பகுதிகள் கொண்ட ஓர் உடன்படிக்கையை எழுதியது. இன்றைக்கு நம் ஊர்ச் சபைகளின் தாள்களில் இவற்றின் சாயலைப் பார்க்கலாம். ஆகவே உங்கள் பாஸ்டரிடம், "ஐயா, இந்த அறிக்கை எங்கேயிருந்து வந்தது?" என்று கேட்பதில் தப்பே இல்லை. நல்ல போதகர் அந்தக் கேள்விக்குச் சந்தோஷப்படுவார்.

தாளைத் தொடுவதற்கு முன் மாற்கு சுவிசேஷத்தை வாசியுங்கள்

இதுதான் முதல் வேலை. இயேசுவின் வாழ்க்கையைச் சொல்லும் புத்தகங்களுக்கும் சுவிசேஷம் என்றே பெயர்; அந்த நான்கில் சிறியது மாற்கு, 16 அதிகாரங்கள். ஒரு நாளைக்கு ஓர் அதிகாரம் என்று வைத்தால் 16 நாளில் முடிந்துவிடும். ஒரே மூச்சில் வாசித்தாலும் ஒன்றரை மணி நேரம் போதும். இயேசு யார் என்று தெரியாமல், அவரைப் பற்றிய பத்துக் குறிப்புகளை ஒப்புக்கொள்ளச் சொல்வது, முகம் பார்க்காமல் நிச்சயதார்த்தத் தட்டை மாற்றுவதுபோல.

எந்தப் பைபிளை வாங்குவது என்று பலர் கேட்பார்கள். சபையில் எல்லார் கையிலும் இருப்பது பழைய மொழிபெயர்ப்பு. ஹென்றி பவர் தலைமையிலான குழு, முத்தையா பிள்ளை என்ற தமிழறிஞரின் துணையோடு உழைத்து உருவாக்கிய அது 1871-இல் வெளிவந்தது. பிரசங்கம், மனப்பாட வசனம் எல்லாம் இதிலிருந்துதான். அதனால் ஒரு பிரதி கட்டாயம் வேண்டும். ஆனால் 19-ஆம் நூற்றாண்டுத் தமிழ் சில இடங்களில் கடினமாக இருக்கும். இன்றைய தமிழிலுள்ள ஒரு மொழிபெயர்ப்பையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். கத்தோலிக்கரும் மற்றச் சபையாரும் சேர்ந்து உருவாக்கிய திருவிவிலியம் 1995-இல் வந்தது, அதுவும் உதவும். சுவிசேஷ சபைகள் ஏற்பது பழைய ஏற்பாட்டில் 39, புதிய ஏற்பாட்டில் 27, மொத்தம் 66 புத்தகங்கள். கத்தோலிக்கப் பதிப்பில் 73 இருக்கும். அதைப் பார்த்துக் குழம்ப வேண்டாம்.

கூடவே 40 பக்க நோட்டு ஒன்று வாங்குங்கள். பக்கத்தை மூன்றாகப் பிரித்து 'புரிந்தது', 'புரியவில்லை', 'ஒப்பவில்லை' என்று தலைப்புப் போடுங்கள். மூன்றாவது பகுதியை மறைக்காமல் எழுதுங்கள். அப்போஸ்தலர் 17-ஆம் அதிகாரத்தில் பெரோயா ஊரார், பவுலே வந்து சொன்னபோதுகூட, அது சரிதானா என்று தினமும் வேதத்தில் தேடிப் பார்த்தார்கள். அதற்காக வேதம் அவர்களைப் பாராட்டுகிறது, கண்டிக்கவில்லை.

சபைத் தமிழ் பழகும் வரை

தாள் புரியாமல் போவதற்குப் பாதிக் காரணம் அதிலுள்ள கருத்து அல்ல, சொற்கள். 'இரட்சிப்பு' என்றால் மீட்பு, பாவத்தின் பிடியிலிருந்தும் அதன் தண்டனையிலிருந்தும் விடுவிக்கப்படுவது. 'கிருபை' என்றால் தகுதி பார்க்காமல் கிடைக்கிற தயவு. 'நீதிமானாக்கப்படுதல்' என்பது நீதிமன்றச் சொல்: குற்றவாளிக் கூண்டில் நிற்பவனைக் குற்றமற்றவன் என்று நீதிபதி தீர்ப்பளிப்பது. 'பரிசுத்தமாகுதல்' அதற்குப் பிறகு வாழ்நாள் முழுக்க நடக்கும் மாற்றம். இந்த இரண்டையும் ஒன்றாக நினைத்துவிட்டால் பின்னால் வரும் எல்லாமே குழம்பிவிடும், ஆகவே நோட்டில் தனித்தனியாக எழுதி வையுங்கள். 'மாம்சம்' என்று பவுல் எழுதும்போது பெரும்பாலும் இறைச்சியையோ உடம்பையோ சொல்லவில்லை, தேவனுக்கு எதிராக இழுக்கும் நம் சுபாவத்தைச் சொல்கிறார். 'தேற்றரவாளன்' என்றால் பரிசுத்த ஆவியானவர்.

ஒரு சொல்லுக்குக் கூடுதல் கவனம் தேவை. யோவான் 3-ஆம் அதிகாரத்தில், இரவில் தன்னைப் பார்க்க வந்த நிக்கொதேமுவிடம், ஒருவன் மறுபடியும் பிறக்க வேண்டும் என்கிறார் இயேசு. நம் ஊரில் இந்த வார்த்தையைக் கேட்டவுடன் மறுஜென்மம் ஞாபகம் வரும். வகுப்புக்கு வந்த ஒரு பெரியவர் ஒரு மாதம் வரை அப்படியே நினைத்துக்கொண்டிருந்தார். செத்த பிறகு வேறு உடலில் பிறப்பதைப் பற்றி இயேசு பேசவில்லை. இப்போது, இந்த வாழ்க்கையிலேயே, தேவ ஆவியால் உள்ளே நடக்கிற புதிய தொடக்கத்தைப் பற்றிப் பேசுகிறார்.

இப்போது தாளின் நடுப்பகுதி: உயிர்த்தெழுதல்

மாற்குவை முடித்தாயிற்று. சரி, தாளை எடுங்கள். வேதாகமம் பற்றிய முதல் குறிப்பைத் தாண்டி, கிறிஸ்துவின் உயிர்த்தெழுதல் இருக்கும் இடத்துக்குப் போங்கள்.

ஏன் இங்கே? பவுலே இதை அச்சாணியாக வைக்கிறார். 1 கொரிந்தியர் 15-இல், கிறிஸ்து எழுந்திருக்கவில்லை என்றால் எங்கள் பிரசங்கமும் வீண், உங்கள் விசுவாசமும் வீண் என்று எழுதுகிறார். ஒரு மதத்தைப் பரப்புகிறவர் இப்படி எழுதத் துணிவது சாதாரணம் அல்ல. எதைத் தட்டினால் முழுக் கட்டடமும் விழும் என்று அவரே விரலை வைத்துக் காட்டுகிறார். அதே அதிகாரத்தில் சாட்சிகளின் பட்டியலும் இருக்கிறது. கேபா (பேதுருவின் இன்னொரு பெயர்), பன்னிரண்டு சீடர்கள், ஒரே நேரத்தில் 500-க்கும் மேற்பட்ட சகோதரர், யாக்கோபு, கடைசியில் தான். அந்த 500 பேரில் பலர் இன்னும் உயிரோடு இருக்கிறார்கள் என்றும் சேர்த்துக்கொள்கிறார். போய்க் கேட்டுக்கொள்ளலாம் என்பதுதான் அதன் பொருள். இந்தக் கடிதம் ஏறக்குறைய கி.பி. 55-இல் எழுதப்பட்டது, சிலுவை நடந்து கால் நூற்றாண்டு அளவில். நம் வீட்டில் 25 ஆண்டுக்கு முன் நடந்த கல்யாணத்துக்கு யார் யார் வந்தார்கள் என்று அம்மாவைக் கேட்டால் சொல்லமாட்டாரா?

இதை ஒரு வாரம் எடுத்து யோசியுங்கள். நம்ப முடியவில்லை என்றால் அதை மூன்றாவது பகுதியில் எழுதிக்கொண்டு வகுப்புக்கு வாருங்கள். இது நடந்தது என்று மனது ஒப்புக்கொண்டால், தாளின் மற்ற வரிகளுக்கு வெளிச்சம் இங்கேயிருந்துதான் வரும். இயேசு தேவகுமாரன் என்ற வரி, வேதம் நம்பத்தக்கது என்ற வரி, அவர் திரும்ப வருவார் என்ற வரி எல்லாம் காலியான அந்தக் கல்லறையில்தான் ஊன்றி நிற்கின்றன.

அங்கிருந்து பின்னோக்கிச் சிலுவைக்கு

உயிரோடு எழுந்தவர் ஏன் சாக வேண்டியிருந்தது? இந்தக் கேள்வி தானாக வரும். தாளில் 'நமக்குப் பதிலாக', 'பதிலாள்', 'கிருபாதார பலி' (பாவத்துக்குப் பரிகாரமான பலி) போன்ற சொற்கள் இருக்கும். எல்லாரும் பாவம் செய்தார்கள் என்பது ரோமர் 3:23. பாவம் என்றவுடன் கொலை, திருட்டு என்று பெரிய பட்டியலை நினைத்து, 'நான் அப்படி ஒன்றும் செய்யவில்லையே' என்று சொல்வோம். வேதம் சொல்லும் பாவம் அதைவிட ஆழமானது. நம்மைப் படைத்தவரை ஓரத்தில் உட்கார வைத்துவிட்டு, அவருடைய இடத்தில் நாமே உட்கார்ந்துகொள்வது. நல்ல பெயர் எடுத்த மனிதர்கள்கூட அதைச் செய்வார்கள். நான் செய்திருக்கிறேன்.

பாவத்தைத் தண்டிக்காமல் விட்டால் தேவன் நீதியுள்ளவர் அல்ல. தண்டித்துவிட்டால் நாம் யாரும் மிஞ்சமாட்டோம். சிலுவையில் தேவன் தம் குமாரனில் அந்தத் தண்டனையைத் தாமே ஏற்றுக்கொண்டார் என்பதுதான் சுவிசேஷத்தின் இதயம். பிதா கோபமாக நிற்க, இயேசு நடுவில் புகுந்து சமாதானப்படுத்தினார் என்று சிலர் சொல்லிக் கேட்டிருப்பீர்கள். அது சரியல்ல. யோவான் 3:16-ஐ மறுபடி வாசியுங்கள், அன்புகூர்ந்து குமாரனைத் தந்தவரே பிதாதான்.

கிருபை: இங்கே நிதானமாக நில்லுங்கள்

நம் ஊரில் வளர்ந்தவர்களுக்கு எல்லாவற்றிலும் கஷ்டமான குறிப்பு திரித்துவமாக இருக்கும் என்று முன்பு நினைத்தேன். இல்லை. கிருபைதான்.

நாம் வளர்ந்த விதம் அப்படி. கேட்டது கிடைத்தால் நேர்த்திக்கடன். செய்த புண்ணியம் பிள்ளைகளைக் காக்கும். கிறிஸ்தவ வீடுகளிலும் இதேதான், பெயர்தான் 'பொருத்தனை'. ஒருவர் நமக்கு ஒன்று செய்தால் திரும்பச் செய்யும்வரை தூக்கம் வராது. மொய் நோட்டை எடுத்துப் பார்த்து, அவர்கள் எழுதியதைவிட நூறு ரூபாயாவது கூட வைப்போம். இது நல்ல பண்பு. ஆனால் இதே கணக்கைத் தேவனிடமும் வைத்துவிடுகிறோம். எபேசியர் 2:8 சொல்வது வேறு. இரட்சிப்பு கிருபையினாலே, விசுவாசத்தைக்கொண்டு, அது தேவனுடைய ஈவு. ஈவு என்றால் பரிசு. அதற்குத் திருப்பி எழுத மொய் நோட்டு கிடையாது.

சில வருடங்களுக்கு முன் வகுப்பில் ஓர் அம்மா எழுந்து கேட்டார்: "ஐயா, 40 வருஷமா வாசலுக்கு வந்தவங்களுக்குச் சோறு போட்டிருக்கேன். அதெல்லாம் வீணா?" எனக்கு அன்று சட்டென்று பதில் வரவில்லை. அடுத்த வாரம் அப்போஸ்தலர் 10-ஆம் அதிகாரத்தைத் திறந்தோம். கொர்நேலியு என்ற ரோம நூற்றுக்கு அதிபதி, கிறிஸ்துவைப் பற்றிக் கேள்விப்படுவதற்கு முன்பே தர்மம் செய்தவர், ஜெபம் செய்தவர். அவருடைய தர்மங்கள் தேவ சந்நிதிக்கு எட்டியிருக்கின்றன என்று தேவதூதன் சொல்கிறான். தேவன் அந்தச் சோற்றை மறக்கவில்லை. ஆனாலும் அதே தூதன், பேதுருவை அழைத்துச் செய்தியைக் கேள் என்கிறான். தர்மம் அவரைத் தேவன் கவனிக்கும் இடத்துக்குக் கொண்டுவந்தது, பாவமன்னிப்பு கிறிஸ்துவின் பெயரால் வந்தது. அந்த அம்மா நோட்டில் அதை எழுதிக்கொண்டார். இன்றைக்கும் வாசலில் சோறு போடுகிறார். இப்போது எதையும் சம்பாதிப்பதற்காக அல்ல.

அப்படியென்றால் எப்படி வேண்டுமானாலும் வாழலாமா என்று கேட்டால், அடுத்த இரண்டு வசனங்களையும் சேர்த்து வாசியுங்கள். எபேசியர் 2:10, நற்கிரியைகளுக்காகவே நாம் படைக்கப்பட்டோம் என்கிறது. கிரியை இல்லாத விசுவாசம் செத்தது என்று யாக்கோபு எழுதுகிறார். வேர் முதலில், கனி பிறகு. வரிசையை மாற்றினால் சுவிசேஷம் போய்விடும்.

கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்து, ஞாயிறு பள்ளியில் வளர்ந்து, இப்போது வேறு சபைக்கு வந்தவர்களுக்கும் இந்தப் படி உண்டு. மெத்தடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லி குருவாக அபிஷேகம் பெற்றுப் பத்து வருடம் ஊழியம் செய்த பிறகுதான், 1738 மே 24 அன்று மாலை லண்டனில் ஒரு சிறிய கூட்டத்தில், ரோமர் நிருபத்துக்குச் சீர்திருத்தவாதி மார்ட்டின் லூத்தர் எழுதிய முன்னுரையை யாரோ வாசிக்கக் கேட்டு, கிறிஸ்து தன் பாவங்களையும் எடுத்துப்போட்டார் என்ற நிச்சயம் தனக்குக் கிடைத்ததாக எழுதுகிறார். தாத்தா உபதேசியாராக இருந்தார் என்பது நமக்குப் பெருமைதான். ஆனால் அவருடைய விசுவாசம் பட்டாபோல பெயர் மாற்றி நமக்கு வராது.

திரித்துவம்: உவமைகளை நம்பாதீர்கள்

தேவன் ஒருவரே. பிதா தேவன், குமாரன் தேவன், பரிசுத்த ஆவியானவர் தேவன். மூவரும் ஒருவரிலிருந்து ஒருவர் வேறானவர், ஆனால் மூன்று தெய்வங்கள் இல்லை. தாள் இதைத்தான் சொல்கிறது. இதை விளக்க யாராவது தண்ணீர், பனிக்கட்டி, நீராவி என்று ஆரம்பித்தால் கொஞ்சம் உஷாராகுங்கள். ஒரே தண்ணீர் நேரத்துக்கு ஒரு வடிவம் எடுப்பதுபோல ஒரே தேவன் மூன்று வேடம் போடுகிறார் என்று 3-ஆம் நூற்றாண்டில் சபெல்லியு போன்றவர்கள் சொன்னார்கள், திருச்சபை அதை மறுத்தது. முட்டை உவமை இன்னொரு பக்கம் தவறும்: ஓடு மட்டும் முழு முட்டை ஆகாது, ஆனால் குமாரன் முழுமையாகத் தேவன்.

உவமைக்குப் பதிலாக, நீங்கள் வாசித்த மாற்கு 1-ஆம் அதிகாரத்துக்கே போங்கள். யோர்தான் தண்ணீரிலிருந்து குமாரன் கரையேறுகிறார், ஆவியானவர் புறாவைப்போல் இறங்குகிறார், வானத்திலிருந்து பிதாவின் குரல் கேட்கிறது. மூவரும் ஒரே நேரத்தில். திரித்துவம் என்ற சொல் வேதத்தில் இல்லை, ஆனால் அந்தச் சொல் எதைக் காப்பாற்றுகிறதோ அது இருக்கிறது. கி.பி. 325-இல் நிசேயாவில் கூடிய பேராயர்கள் குமாரன் படைக்கப்பட்டவர் அல்ல, பிதாவின் அதே தன்மை உடையவர் என்று உறுதி செய்தார்கள். முழுவதும் மூளைக்குள் அடங்கவில்லையே என்று கவலைப்படாதீர்கள்.

இப்போது முதல் குறிப்புக்கு வரலாம்: வேதாகமம்

இயேசுவை அறிந்த பிறகு இந்தக் குறிப்பு இலகுவாக இருக்கும். அவர் பழைய ஏற்பாட்டை எப்படி மதித்தார் என்று மாற்குவிலேயே பார்த்திருப்பீர்கள். வேதவாக்கியங்கள் தேவ ஆவியினால் அருளப்பட்டவை என்று 2 தீமோத்தேயு 3:16 சொல்கிறது. விசுவாசத்துக்கும் வாழ்க்கைக்கும் அதுவே இறுதி அதிகாரம் என்பதில் சுவிசேஷ சபைகள் எல்லாம் ஒன்றுபடும். 'மூலப்பிரதிகளில் பிழையற்றது' என்று சில தாள்களில் இருக்கும். அங்கே சொல்லப்படுவது எழுதினவர்களின் கையெழுத்து மூலம், நம் கையிலுள்ள மொழிபெயர்ப்பு அல்ல. மொழிபெயர்ப்புகள் திருத்தப்பட்டுக்கொண்டே வந்தவை. 1706-இல் தரங்கம்பாடியில் வந்து இறங்கிய ஜெர்மன் மிஷனரி சீகன்பால்க், தமிழ் கற்று, புதிய ஏற்பாட்டை மொழிபெயர்த்து, 1715-க்குள் அச்சிட்டு முடித்தார். அதற்குப் பிறகு பெப்ரிசியு, இரேனியு என்று எத்தனையோ பேர் உழைத்த பிறகுதான் 1871-ஆம் ஆண்டுப் பதிப்பு.

ஒரு நடைமுறை எச்சரிக்கை. வாக்குத்தத்த அட்டை, நாள்காட்டி வசனம் இவற்றை மட்டும் வைத்து வேதத்தை அறியாதீர்கள். ஒரு வசனம் பிடித்திருந்தால் அந்த அதிகாரம் முழுவதையும் வாசியுங்கள்.

சபைகள் வேறுபடும் குறிப்புகள்

இதில் அதிக நேரம் செலவிட வேண்டாம். ஞானஸ்நானத்தைக் குழந்தைக்கும் கொடுக்கலாமா, விசுவாசித்தவருக்கு மட்டும்தானா, தெளிப்பதா மூழ்குவதா என்பதில் சபைகள் வேறுபடும். அந்நிய பாஷை (ஆவியின் ஏவுதலால் கற்காத மொழியில் பேசுவது) ஆவியின் அபிஷேகத்துக்கு அடையாளம் என்று பெந்தெகொஸ்தே சபைகள் போதிக்கும். மற்றவர்கள் அதைப் பல வரங்களில் ஒன்றாகப் பார்ப்பார்கள். திருவிருந்தை ஒருவர் மாதம் ஒருமுறை எடுப்பார், சகோதரர் சபையில் ஒவ்வொரு ஞாயிறும் அப்பம் பிட்பார்கள். இயேசு காணும்படி திரும்ப வருவார், நியாயந்தீர்ப்பார் என்பதில் வேறுபாடு இல்லை. எந்த வரிசையில், வெளிப்படுத்தின விசேஷம் சொல்லும் கிறிஸ்துவின் ஆயிர வருட அரசாட்சிக்கு முன்பா பின்பா என்பதில் உண்டு. உங்கள் சபை எந்தப் பக்கம் என்று தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள், அது போதும். தேதி குறிக்கிறவர்களை மட்டும் நம்பாதீர்கள். அந்த நாளையும் நாழிகையையும் பிதா ஒருவர் தவிர வேறு ஒருவரும் அறியார்கள் என்று மாற்கு 13-இல் வாசித்திருக்கிறீர்கள்.

தாளில் எழுதாததைக் கேளுங்கள்

நம்பிக்கை தாளில் ஒன்றாகவும் சபையில் வேறாகவும் இருக்கக்கூடும். ஆகவே போதகரைச் சந்திக்க நேரம் கேட்டு, கீழே உள்ளவற்றைப் பணிவாக, ஆனால் நேராகக் கேளுங்கள்.

காணிக்கைக் கணக்கு ஆண்டுதோறும் சபைக்கு வாசிக்கப்படுகிறதா? போதகர் தவறினால் அவரைக் கேட்க மூப்பர்களோ ஒரு குழுவோ உண்டா? தசமபாகம் (வருமானத்தில் பத்தில் ஒரு பங்கு) கொடுக்காதவரை எப்படி நடத்துவீர்கள்? நோய்க்கு ஜெபிப்பதோடு மருத்துவரிடமும் போகச் சொல்வீர்களா? சர்க்கரை மாத்திரையை நிறுத்தச் சொல்கிற எந்த விசுவாசமும் இந்தத் தாளில் இல்லை. இளவயதில் நான் போய்வந்த ஒரு சபையில், சுகமாகாதவர்களைப் 'போதிய விசுவாசம் இல்லை' என்று குற்றப்படுத்தினார்கள். அந்த வலியோடு வீட்டில் முடங்கிய ஒருவரை எனக்குத் தெரியும். அதனால்தான் இந்தக் கேள்வியை விடவே கூடாது என்கிறேன்.

அப்புறம், சாதி. எல்லா மனிதரும் தேவசாயலில் படைக்கப்பட்டார்கள் என்று தாளில் இருக்கும். கல்லறைத் தோட்டத்தில் சுவர் இருக்கிறதா, பெண் பார்க்கும்போது முதல் கேள்வி என்னவாக இருக்கிறது என்று பாருங்கள். கல்கத்தா பிஷப் டேனியல் வில்சன் 1833-இலேயே, திருச்சபைக்குள் சாதி வேற்றுமை உடனடியாகவும் முழுமையாகவும் ஒழிய வேண்டும் என்று சுற்றறிக்கை அனுப்பினார். தஞ்சாவூர்ப் பகுதியில் அதற்கு எதிர்ப்புக் கிளம்பியது. இன்றும் அந்த வேலை முடியவில்லை, அதைச் சொல்ல எனக்கு வெட்கமாகத்தான் இருக்கிறது. லொசான் உடன்படிக்கையின் 5-ஆம் பகுதி, சுவிசேஷம் அறிவிப்பதோடு நீதிக்காக நிற்பதும் கிறிஸ்தவக் கடமை என்கிறது. உங்கள் சபை அதற்கு என்ன செய்கிறது என்று கேட்க உங்களுக்கு உரிமை உண்டு.

ஞானஸ்நானத்துக்கு முன்

தாளின் எல்லா வரியும் உங்கள் நோட்டின் முதல் பகுதிக்கு வந்த பிறகுதான் ஞானஸ்நானம் என்று இல்லை. இயேசு கர்த்தர், அவர் எனக்காக மரித்து உயிர்த்தெழுந்தார், பாவத்தை விட்டுத் திரும்பி அவரைப் பின்பற்றுகிறேன் என்று உங்கள் சொந்த வார்த்தையில் சொல்ல முடிந்தால் போதும். வகுப்பில் சொல்லிக்கொடுத்த வார்த்தையில் சொன்னால் நான் இன்னும் இரண்டு வாரம் பொறுக்கச் சொல்வேன்.

வேறு மதக் குடும்பத்திலிருந்து வருபவர்கள், வீட்டாருக்குத் தெரியாமல் அவசரமாகச் செய்யாதீர்கள். அரசியல் சட்டத்தின் 25-ஆம் பிரிவு மனச்சாட்சிச் சுதந்திரத்தைத் தருகிறது. ஆனால் உங்களைப் பெற்றவர்களிடம் அதை எடுத்துக்காட்டிப் பேச ஆரம்பிக்க வேண்டாம். நோயில், சண்டையில், சமையலறையில் உங்கள் நடத்தை மாறியிருப்பதை அவர்கள் பார்க்கட்டும், பிறகு உட்கார்ந்து சொல்லுங்கள். பெயரை மாற்ற வேண்டிய அவசியம் கிடையாது. பட்டியல் சாதியைச் சேர்ந்தவர்கள் இன்னொன்றையும் தெரிந்துகொள்ள வேண்டும்: 1950-ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் ஆணையின்படி, கிறிஸ்தவராக மாறினால் பட்டியல் சாதித் தகுதி இல்லாமல் போகும், தமிழ்நாட்டில் அப்படி மாறியவர்கள் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் வருவார்கள். படிப்பு, வேலை எல்லாவற்றையும் இது தொடும். இதை முன்னாலேயே சொல்லாத சபை உங்களிடம் நேர்மையாக நடந்துகொள்ளவில்லை.

நாள் குறித்த பிறகு செய்ய வேண்டியது கொஞ்சம்தான். மூழ்கும் ஞானஸ்நானம் என்றால் மாற்றுத் துணி, துண்டு, தடிமனான வெளிர் நிற உடை. சாட்சி சொல்லச் சொல்வார்கள், ஐந்து நிமிடத்துக்குள் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பழைய வாழ்க்கையைப் பற்றிப் பேசும்போது குடும்பத்தாரின் நம்பிக்கையை இழிவாக ஒரு சொல்லும் சொல்லாதீர்கள். அம்மா அப்பா வருவதாக இருந்தால் முன்கூட்டியே சபைச் செயலரிடம் சொல்லி, முன்வரிசையில் அவர்களுக்கு இடம் பிடித்து வையுங்கள். யாராவது ஒருவரை அவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து, நடப்பதை மெதுவாக விளக்கச் சொல்லுங்கள்.